அரசாணை 354-உம் அடிவார ஊர்களும்

தேனி மாவட்டம் தேவாரத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. சாக்குலூத்து மெட்டு வழியாக நேர்சாலை இல்லாததால், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றித்தான் கேரளத்தின் இடுக்கிக்குப் போகிறார்கள். ஜீப் கவிழ்ந்தாலும், மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்தாலும் அவர்களுக்குக் கதி அரசு ஆஸ்பத்திரிதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் கருகியவர்களை முதலில் தாங்கியதும் போடி அரசு மருத்துவமனையே. அங்கிருந்துதான் கானாவிலக்கிலுள்ள தேனி மருத்துவக் கல்லூரிக்கும் மதுரைக்கும் அனுப்பினார்கள்.

ஆகவே, அரசு மருத்துவர்களின் ஊதியப் போராட்டத்தில் இந்த அடிவாரத்துக்கும் பங்கு உண்டு.

2009 அக்டோபரில் வெளியான அரசாணை 354, மருத்துவர்களுக்குக் காலமுறை ஊதிய உயர்வை வகுத்தது. பணியில் 8, 15, 17, 20 ஆண்டுகள் நிறையும்போது உயர்வு. இதை 5, 9, 11, 12 ஆண்டுகளாக மாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. மத்திய அரசு மருத்துவர் 13 ஆண்டுகளில் தொடும் ஊதிய நிலையைத் தமிழக மருத்துவர் தொட 20 ஆண்டுகள் ஆகின்றன.

2019 அக்டோபர் 25 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் நவம்பர் 1 வரை நீடித்தது. வெளிநோயாளிகள் பட்ட அவதி உண்மை; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு பேசித் தீர்ப்பதை விட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இடமாற்றம் செய்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய மருத்துவர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் இறந்தார். அதே மாத இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் இடமாற்ற உத்தரவுகளை ரத்து செய்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்து இக்கோரிக்கையை ஆதரித்த மு.க.ஸ்டாலின் 2021-இல் முதல்வரானார். அந்த ஆண்டு ஜூனில் வந்த அரசாணை 293 சில படிகளைத் தந்தது, 354-ஐத் திருத்தவில்லை. எந்த ஆணை வேண்டும் என்பதில் சங்கங்களே இரண்டுபட்டன.

சம்பளத்தைப் பற்றியே எல்லோரும் பேசியதில், 2019-இன் இன்னொரு கோரிக்கை காதில் விழாமல் போனது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும் என்பதே அது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதித்த குறைந்தபட்ச எண்ணிக்கையை அளவுகோலாக்கி மற்றப் பணியிடங்களைக் குறைப்பதை மருத்துவர்கள் எதிர்த்தார்கள். கவுன்சிலின் கணக்கு மாணவர் சேர்க்கைக்காகப் போட்டது. எத்தனை பேர் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. கானாவிலக்கில் கை குறைந்தால், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் அனுப்பப்படும் நோயாளிதான் காத்துக் கிடப்பார்.

பட்ட மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீடும் நோயாளியைத் தொடும் விஷயம்தான். 2017-இல் பறிபோன அது, மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நவம்பரில் அரசாணையாகத் திரும்பியது. கிராமத்துப் பணிக்கு மேற்படிப்பு வாய்ப்பு உண்டு என்றால் இளம் மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனமுவந்து வருவார். படித்து முடித்ததும் அறுவை சிகிச்சை நிபுணராகவோ மகப்பேறு நிபுணராகவோ அரசுப் பணியிலேயே தொடர்வார்.

தமிழக அரசு 354-ஐ உடனே மறுஆய்வு செய்து திருத்த வேண்டும். பணியிடங்களை அன்றாடப் புறநோயாளிச் சீட்டுகளையும் உள்நோயாளிப் படுக்கைகளையும் எண்ணி நிர்ணயிக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பைப் போடி, கம்பம், உத்தமபாளையம் மருத்துவமனைகளிலிருந்தே தொடங்கலாம்.