ஹெரால்டுக்கு நகை போட்டோம்

பெண்ணுக்கு நகை போடுவார்கள். பிள்ளையாருக்கு வெள்ளிக் கவசம் சாத்துவார்கள். காருக்கு நகை போட்டவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் போட்டோம். அதுவும் அறுபது வயதை எட்டிப் பிடிக்கப் போகும் ஒரு கிழட்டுக் காருக்கு!

என் தகப்பனார் ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயத்தில் டாக்டராக இருந்தவர். 1967-ல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். நம்முடைய வண்டலூரில் 1961-லிருந்து சுமார் பத்து வருஷ காலம் செய்து விற்ற கார் அது. மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் இங்கிலாந்துக் கம்பெனிக்காகப் போட்டுக் கொடுத்த அமைப்பு. மற்றக் கார்களில் மூக்கு மூடியை மட்டும் தூக்குவார்கள். ஹெரால்டில் முகம் முழுவதுமே முன்னால் சாய்ந்து திறக்கும். அந்த ஆலையை 1980-களின் கடைசியில் மூடிவிட்டார்கள். கார் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அப்பா போன பிறகும், சென்னையில் என் தம்பி வீட்டுக் கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. சர்க்கரை வியாதியும் உண்டு. போன வருஷம் ஒரு நாள், "சும்மா ஒரு நிமிஷம் உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று ஹெரால்டில் ஏறப் போனாள். கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் இடத்தில் ஒரு தகடு உண்டு. அதன் முனை அரித்துப் போய், கத்தி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. புடவை கிழிந்தது, பாதமும் கிழிந்தது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் காயம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஆறு வாரம் கட்டுப் போட்டு, விரலுக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

"நாளைக்கே பழைய இரும்புக்குப் போடுகிறேன்" என்றான் தம்பி.

"போடு. ஆனால் ஒரு தடவை இதிலேயே என்னை மலைக்கு அழைத்துப் போய்விட்டு அப்புறம் போடு" என்றாள் அம்மா.

அப்பா வாரா வாரம் மலைக் கிராமங்களுக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகும் கார் அது. அம்மாவும் பல தடவை கூடப் போயிருக்கிறாள். அந்த ஆசையை எப்படி மறுப்பது?

இஞ்சினைச் சரி செய்ய ஆள் கிடைத்தார். டயர் கிடைத்தது. பதிவையும் இன்ஷூரன்ஸையும் புதுப்பித்தாயிற்று. ஆனால் உள்ளே இருக்கும் சில்லறைச் சாமான்கள்? ஏறும் தகடு இரண்டு, கதவின் ரெக்ஸினுக்கு மேல் ஓடும் பட்டை ஒன்று, கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் உட்காரும் வட்டத் தட்டு இரண்டு. ஜி.பி. ரோடிலும் புதுப்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். "ஹெரால்டா! எங்கப்பா காலத்திலே இருந்ததும்மா" என்று சிரித்தார்கள். வாங்க முடியாதென்றால் செய்துகொள்ள வேண்டியதுதான்.

டிங்கரிங் வேலையில் பழுத்த ஒரு மேஸ்திரி அகப்பட்டார். தம்பி மகன் காலேஜில் படிக்கிறவன். அவருக்குக் கையாளாகச் சேர்ந்துகொண்டான். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். ஆனால் முதல் நாளே எனக்கும் வேலை வந்துவிட்டது.

பழைய தகட்டைக் கழற்றி, புடவை டப்பா அட்டையின் மேல் வைத்துக் கோடு கிழித்து, அப்படியே கத்தரித்தான் பையன். "இது என்னடா? ஓரம் மடிக்க இடம் எங்கே?" என்றேன். ரவிக்கை தைக்கிறவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டுமா? மடிப்புக்குத் துணி விடாமல் வெட்டினால் கை நுழையாது அல்லவா? மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா சொல்றதுதான் சரி. ஓரத்துக்கு அரை அங்குலம் விடு. மடிச்ச ஓரம் காலைக் கிழிக்காது" என்றார். பழைய தகட்டின் ஓரம் மடிக்கப்படாமல் இருந்ததுதான் அம்மாவின் காயத்துக்குக் காரணம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அடுத்த தப்பும் தையற்காரிக்குத் தெரிந்த தப்புதான். ஒரே அட்டையை வைத்து இரண்டு தகட்டையும் வெட்டிவிட்டான் பையன். இடது கைக்கும் வலது கைக்கும் ஒரே சட்டைக் கையா? அட்டையைத் திருப்பிப் போட வேண்டாமா? ஒரு தகடு வீண். "போகட்டும், அதிலே பட்டை வெட்டிக்கலாம்" என்று மேஸ்திரி சமாதானம் சொன்னார்.

வெட்டியது 18 கேஜ் அலுமினியத் தகடு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம். அதை அப்படியே மடித்தால் ஓரத்தில் விரிசல் விடும். சூடு காட்டி இளக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இரும்பு காய்ந்தால் சிவந்து காட்டும். அலுமினியமோ நிறமே மாறாமல் இருந்து, திடீரென்று உருகி விழுந்துவிடும். அதற்கு மேஸ்திரி செய்த உபாயம் என்ன தெரியுமா? தகட்டின் மேல் பார் சோப்பைத் தேய்த்தார். அடிப்பக்கத்திலிருந்து நெருப்பைக் காட்டினார். சோப்புப் பூச்சு பழுப்பாகிக் கறுக்க ஆரம்பித்ததும், "போதும்" என்று நிறுத்தினார். ஆறிய பிறகு அந்தத் தகடு அப்பளம் மாதிரி சொன்னபடி வளைந்தது!

பிறகு புளியமரக் கட்டையில் வரிசையாகப் பள்ளம் வெட்டி, அதன் மேல் தகட்டை வைத்து, மழுங்கிய உளியால் அழுத்தி வரிகள் எடுத்தார். அந்த வரிகள் அழகுக்கு மட்டும் அல்ல. ஈரக் கால் வழுக்காமல் இருக்கவும்தான். மரச் சுத்தியால் ஓரத்தை மடித்து, அரம் போட்டு, வாட்டர் பேப்பரில் 220, 400, 800, 1200 என்று நம்பர் ஏற ஏறத் தேய்த்தார்கள். ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால், முந்தின கீறல் கடைசி வரை தெரியுமாம். கோலத்துக்குத் தரையைச் சரியாக மெழுகாவிட்டால் என்ன ஆகும், அது மாதிரி. கடைசியில் துணிச் சக்கரத்தில் பாலீஷ்.

வட்டத் தட்டு இரண்டையும் பித்தளையில் லேத்தில் கடைந்து வாங்கினோம். அசலில் அவை குரோமியம் பூசியவை. இங்கேதான் வீட்டில் ஒரு சண்டை நடந்தது.

"குரோமியம் பூச்சு நாமே போடலாம், அத்தை" என்று தம்பி மகன் எங்கிருந்தோ ஒரு பாட்டில் குரோமிக் அமிலம் தருவித்துவிட்டான். கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் வாளியும் பாட்டரியும் தயார்.

வாளிக்குப் பத்தடி தூரத்தில் கிணறு. அம்மா கேட்டாள்: "வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவாய்?"

பையன் விழித்தான்.

நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பாத்திரத்திலோ காரிலோ பூசி முடித்த குரோமியம் நம்மை ஒன்றும் செய்யாது. நாம் குரோமியத்தின் பளபளப்பு என்று நினைப்பதில் பெரும்பகுதி அதன் அடியில் இருக்கும் நிக்கலின் பளபளப்பு. குரோமியம் அதற்கு மேல் போர்த்திய சல்லாத் துணிதான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இராது. ஆனால் பூசுவதற்கு வைக்கும் அமிலம் இருக்கிறதே, அது பொல்லாத விஷம். அதன் ஆவி மூக்கைப் புண்ணாக்கும். நாளடைவில் நுரையீரலில் புற்றுநோயையே உண்டாக்கும். மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்குப் போய்ச் சேரும். தகுந்த தொட்டியும், ஆவியை இழுக்கும் விசிறியும், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் உள்ள பட்டறையில்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். வீட்டுக் கொல்லையில் கூடவே கூடாது.

அம்மாவுக்கு இது படித்துத் தெரிந்தது அல்ல. ஊரைப் பார்த்துத் தெரிந்தது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடவும் மற்றத் தொழில்களுக்கும் வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்த ஓர் ஆலை 1990-களில் மூடிப் போயிற்று. ஆனால் அதன் கழிவு போகவில்லை. லட்சம் டன்னுக்கு மேல் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் வழிந்து மண்ணில் இறங்கியது. சுற்று வட்டாரத்து நிலத்தடி நீரே கெட்டுப் போனது. "பாலாற்று ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். என் கால் படுகிற காருக்காக இன்னொருத்தர் கிணறு கெட வேண்டாம்" என்றாள் அம்மா.

"அசல் மாதிரி இருக்காதே, பாட்டி!" என்றான் பேரன்.

"உன் தாத்தாவும்தான் கடைசியில் அசல் பல்லோடு இல்லை. அதனால் அவர் தாத்தா இல்லை என்று ஆகிவிட்டதா?"

அதோடு வழக்கு முடிந்தது. பாட்டிலை மூடி திறக்காமலே, முறையாக அந்தத் தொழில் நடத்தும் ஒருவரிடம் சேர்த்தோம். பித்தளைத் தட்டுகளைப் பாலீஷ் போட்டு, மேலே லாக்கர் அடித்து மாட்டினோம். பூஜைக் குத்துவிளக்கு மாதிரி ஒரு மஞ்சள் பிரகாசம்! மாட்டும்போது மேஸ்திரி இன்னொரு நுணுக்கமும் சொன்னார். அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்து, நடுவில் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் பொரிந்து வெள்ளைத் தூளாக உதிருமாம். அதனால் நடுவே மெல்லிய ரப்பர் வைத்து, எவர்சில்வர் திருகு போட்டார். துடைப்பதற்கு ஈரத் துணி போதும். வாஷிங் சோடாவை அலுமினியத்தின் பக்கமே கொண்டு போகாதீர்கள், கறுத்துவிடும். சாமானும் கூலியுமாக ஆன செலவு, சுமாரான ஒரு பட்டுப் புடவை விலைதான்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். வாணியம்பாடி தாண்டி, ஆலங்காயத்தில் எங்கள் பழைய வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, மெதுவாக மலையேறினோம். ஹெரால்டு முனகியதே தவிர, நிற்கவில்லை. காவலூரில் வானாராய்ச்சி நிலையத்தைப் பார்த்தோம். 1960-களின் கடைசியில் அங்கே முதல் தொலைநோக்கியை வைத்தார்கள். அப்போது இந்தக் காரில்தான் அப்பாவும் அம்மாவும் வேடிக்கை பார்க்கப் போனார்களாம். இப்போது அங்கே பெரிய தொலைநோக்கி இருக்கிறது. கண்ணாடியின் குறுக்களவு 234 சென்டிமீட்டர். நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தது. 1986-ல் அதைத் தொடங்கி வைத்து, அதற்காகப் பாடுபட்டு 1982-லேயே மறைந்துவிட்ட விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள்.

அந்தக் கண்ணாடிக்கும் பளபளப்பு எதனால் என்று நினைக்கிறீர்கள்? நம் அலுமினியத்தால்தான்! காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டிக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியின் மேல் படிய வைக்கிறார்கள். நாளாக ஆக அது மங்கும்; பழைய பூச்சைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். இப்படிப் பூசும் படலம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம் இருக்கும். தம்பி மகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அத்தனை பெரிய கண்ணாடிக்கும் ஒரு கிராமுக்குச் சற்று மேலே அலுமினியம் போதுமாம். நம் கணக்கில் பத்துக் குன்றிமணி எடை! அதை வைத்துக்கொண்டு நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள்.

"பார்த்தாயா! எட்டாத நட்சத்திரத்துக்கே அலுமினியம் போதும் என்கிறார்கள். உன் பாட்டி காலுக்குப் போதாதா?" என்றாள் அம்மா.

திரும்பும்போது மலை மேல் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தச் சொன்னாள். அப்பா அங்கேதான் நோயாளிகளைப் பார்ப்பாராம். சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் காலைப் புதுத் தகட்டின் மேல் வைத்து, யாரையும் பிடித்துக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்தாள். எங்களுக்கெல்லாம் நெஞ்சு பக்கென்றது. அவள் பாதத்தைத் தூக்கி எங்களிடம் காட்டினாள். ஒரு கீறல் இல்லை.

ஊருக்கு வந்ததும் தம்பியிடம் கேட்டேன்: "பழைய இரும்புக்காரர் எப்போது வருகிறார்?"

"எந்தப் பழைய இரும்புக்காரர்?" என்று கேட்டுவிட்டு, அவன் கார்ப் போர்வையைத் தேடப் போய்விட்டான்.

உங்கள் வீட்டிலும் அலமாரி ஓரம், கட்டில் தகடு, கதவுப் பட்டை என்று ஏதாவது பெயர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கே ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். வயதானவர்களின் கால் அதன் மேல் படுவதற்கு முன்னால்!