யாழ் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

போன மாதம் அக்கா மகள் வீட்டுப் புண்ணியார்ச்சனைக்காக சரவணம்பட்டி போயிருந்தேன். புது வீடு, புது பெயின்ட் வாசம். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஹார்ப் நின்றுகொண்டிருந்தது. ஒன்றரை அடி உயரம், தங்கக் கலர், பன்னிரண்டு கம்பிகள். ஆன்லைனில் வாங்கினார்களாம். பந்திக்குப் போகிற வழியில் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அழகு என்றால் அத்தனை அழகு.

"அழகுக்கும் ஆச்சு, பாப்பா வாசிச்சுப் பழகவும் ஆச்சுன்னு வாங்கினோமுங் சித்தி" என்றாள் அக்கா மகள். பாப்பா நாலாம் வகுப்பு. கூப்பிட்டு, "எங்க கண்ணு, ஒரு பாட்டு வாசி, அம்மாயி கேக்கறேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு மியூசிக் எல்லாம் வராது அம்மாயி. ரெண்டு வாரம் வீடியோ பாத்து வாசிச்சேன். வரவே இல்ல."

ஒன்பது வயசுப் பெண் இப்படிச் சொன்னதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதியம் கூட்டம் குறைந்ததும் அந்த ஹார்ப்பைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு கம்பியும் ஒரே தடிமன். மேல்முனையில் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஆணியில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முறுக்குவதற்கு எந்த வழியும் இல்லை. கீழே மரப்பெட்டி மாதிரித் தெரிந்ததைத் தட்டினால் 'டொக்'கென்றது. உள்ளே கூடு கிடையாது, கெட்டி மரம். இதில் யார் வந்து வாசித்தாலும் பாட்டு வராது. தப்பு குழந்தையின் விரலில் இல்லை.

இந்த வாரம் இதை எழுதுவது அதற்காகத்தான். கொலுவுக்கு, புது வீட்டு ஷோகேஸுக்கு, பிறந்தநாள் பரிசுக்கு என்று குட்டி ஹார்ப் வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு முடிவை எடுத்துவிடுங்கள். அது ஹாலுக்கா, கைக்கா? ரெண்டுக்கும் ஒன்று என்று போனால் பெரும்பாலும் கைக்கு ஆகாத ஒன்றுதான் வீட்டுக்கு வந்து சேரும்.

ஹார்ப் என்றதும் ஏதோ வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம்ம யாழ்தான் அது. வீணையில் ஒரே தந்தியில் மெட்டுக்கு மெட்டு விரலை வைத்து எல்லாச் சுரமும் எடுக்கலாம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். பேரியாழுக்கு 21 நரம்பு, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று பழைய உரைகள் கணக்குச் சொல்கின்றன. சமுத்திரகுப்தர் கையில் கருவியோடு உட்கார்ந்திருக்கும் தங்கக் காசைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். வீணை வாசிக்கிறார் என்றுதான் கீழே போட்டிருக்கும். உருவத்தைப் பார்த்தால் வில் மாதிரி வளைந்த யாழ்!

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறதே விஜயமங்கலம், பெருங்கதை எழுதிய கொங்குவேளிரின் ஊர் அது. அந்தக் காவியத்தின் நாயகன் உதயணனிடம் கோடபதி என்று ஒரு யாழ். மதம் பிடித்து ஓடிய நளகிரி யானையை அவன் அந்த யாழை வாசித்தே அடக்குவான். அரண்மனையில் வாசவதத்தைக்கு யாழ் சொல்லிக்கொடுப்பதும் அவன்தான். கொங்கு நாட்டுக் காவியத்தில் யானையை அடக்கிய வாத்தியம், நம்ம வீட்டு டி.வி. ஸ்டாண்டில் தூசி படிந்து நிற்கிறது.

பிறகு யாழ் வழக்கொழிந்து போனது. கமகம் அதிகம் வேண்டிய இசைக்கு வீணை தோதாக இருந்தது என்பதை முக்கியமான காரணமாகச் சொல்வார்கள். மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் பல வருஷம் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947-ல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் 'உரு' என்ற பெயரில் யாழைக் கையால் செய்துவருகிறார். வெளியே பார்த்தால் மியான்மரின் சௌங் 16 நரம்போடு இன்றும் கச்சேரி மேடையில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பர்தான் மக்களின் பீன் பாஜாவும் இந்தக் குடும்பம்தான்.

சரி, கடைக்கு வருவோம்.

ஹாலுக்குத்தான் என்றால் கவலையே இல்லை, பிடித்ததை வாங்குங்கள். கம்பி பொய்யாக இருக்கலாம், மரம் கெட்டியாக இருக்கலாம், பித்தளையாகக்கூட இருக்கலாம். அடிப்பாகம் அகலமாக இருக்கிறதா, குழந்தை இழுத்தால் கவிழுமா என்பதை மட்டும் பாருங்கள். தெரிந்த ஆசாரி இருந்தால் படத்தைக் காட்டி ஒரு வில் யாழ் செய்து தரச் சொல்லுங்கள். ஆன்லைன் தங்கக் கலரைவிட அது கூடத்துக்கு அம்சமாக இருக்கும். ஆனால் அதே ஆசாரியிடம் "வாசிக்கிற மாதிரியும் பண்ணிக் குடுங்க" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு கம்பி நாலு கிலோ இழுத்தாலே 16 கம்பிக்கு 64 கிலோ, ஒரு சிமென்ட் மூட்டையைவிட அதிகம். அந்த இழுவையை வருஷக்கணக்கில் தாங்கவும் வேண்டும், பெட்டி அதிரவும் வேண்டும். அது தனி வித்தை.

கைக்கு என்றால் முதலில் ஒன்று. கடைகளில் 'லையர் ஹார்ப்' என்று விற்பது பெரும்பாலும் லையர்தான். லையரில் கம்பிகள் பெட்டியின் மேல்பக்கமாகவே, ஒரு குதிரை மேல் ஏறி, எதிரே இருக்கும் சட்டத்துக்குப் போகும். ஹார்ப்பிலும் யாழிலும் கம்பி பெட்டியிலிருந்து எழும்பி மேலே வளைந்த கோட்டுக்குப் போகும். பழகுகிறவர்களுக்கு லையர் ஒன்றும் மட்டமில்லை. மடியில் அடங்கும், விலையும் குறைவு. பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருந்தால் போதும்.

அடுத்து கம்பி. தடிமனிலிருந்து மெலிசுக்கு வரிசையாக இறங்க வேண்டும். முனையில் ஆணிக்குப் பதில் தலை சதுரமான இரும்பு முளைகள் இருக்க வேண்டும். அதை முறுக்குகிற சாவி பெட்டியோடு வர வேண்டும். பெட்டியைத் தட்டினால் பானையைத் தட்டின மாதிரி ஓசை வர வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் தட்டிப் பார்க்க முடியாதுதான். சாவியும் உபரிக் கம்பியும் படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அலங்காரப் பொருளோடு உபரிக் கம்பி தருகிறவர் யாருமில்லை.

எத்தனை கம்பி? ஏழு கம்பி லையர் மலிவு. ஆனால் ச-வில் ஆரம்பித்தால் நி-யோடு நின்றுவிடும், மேல் ச கிடையாது. சரளி வரிசையே முடியாது! அதனால் 15, 16 கம்பிக்குப் போய்விடுங்கள். 47 கம்பி, 7 பெடல் என்று மேடையில் ஆளுயரத்துக்கு நிற்கிற பெரிய ஹார்ப்பெல்லாம் நம்ம கதைக்கு வேண்டாம்.

வாங்கி வந்த அன்றைக்கே சுருதி சேர்க்கும்போதுதான் கம்பி அறுகிறது. போனில் இலவச டியூனர் ஆப் இருக்கிறது. அது 'சி' என்று எழுத்தைக் காட்டும், பக்கத்தில் ஒரு எண்ணும் காட்டும். எண்ணைப் பார்க்காமல் முறுக்கினால் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிவிடுவீர்கள், பட்டென்று தெறிக்கும். சாவியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம். முதல் ஒரு வாரம் தினமும் இறங்கும். புதுக் கம்பி அப்படித்தான். மழைக்காலம் மாறும்போதும் சுருதி நகரும், ஜன்னலோர வெயிலில் வைக்கவே கூடாது.

இப்போது ஒரு குறுக்கு வழி. இந்த லையர்கள் பெரும்பாலும் சி மேஜர் சுருதியில் வரும். நம்ம கணக்கில் அது சங்கராபரணம். அதில் ம, நி இரண்டையும் விட்டுவிட்டால் மோகனம்! ச-விலிருந்து எண்ணி 4, 7, 11, 14-வது கம்பிகளின் அடியில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுங்கள். சில கருவிகளில் முதல் கம்பி ப-வில் ஆரம்பிக்கும், கூட வரும் தாளைப் பார்த்து ச எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பைத் தொடாமல் எப்படி மீட்டினாலும் காதுக்கு இனிமையாகவே இருக்கும். பழைய முல்லைப்பண் மோகனமே என்கிறார்கள் இசை ஆய்வாளர்கள். பாட்டு டீச்சரிடம் போகிற குழந்தை என்றால், ரி-யையும் த-வையும் அரைச் சுரம் தளர்த்துங்கள். சரளி வரிசை வாசிக்கிற மாயாமாளவகௌளை வந்துவிடும். தளர்த்துவதால் கம்பி அறுகிற பயமும் இல்லை. ஆனால் கமகம் வராது, டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு அக்கா மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் கம்பியையும் கடைசிக் கம்பியையும் மீட்டச் சொன்னேன். "என்ன வித்தியாசம் தெரியுது?" ரொம்ப நேரம் காதை வைத்துக் கேட்டாள். "ஒண்ணுமே இல்லீங் அம்மாயி." "அப்ப உனக்குக் காது நல்லாத்தானே கேக்குது? இதுலதான் பாட்டு இல்ல." உள்ளே ஓடிப்போய் அவள் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னாள்.

தங்கக் கலர் ஹார்ப் இன்னும் ஹாலில்தான் நிற்கிறது. பதினாறு கம்பி லையர் ஒன்று போன வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். ச ரி க ப த ச. நடுவில் ஒருதரம் தெரியாமல் சிவப்பு நூலைத் தொட்டுவிட்டு, "அய்யோ" என்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து.