அமுக்கரா சூரணம் மட்டும் போதுமா?

"தூக்கமே வரலை ஐயா, நல்ல சூரணமா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகி விட்டார்கள். நாடியைப் பார்த்துக் கொண்டே அவர்களது வேலையைப் பற்றி விசாரிப்பேன். எத்தனை மணி நேரம், கூட யார் இருக்கிறார்கள், மேலதிகாரி எப்படி? பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்து விடும்.

எங்கள் சங்கரன்கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். விசைத்தறி ஊர். ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட தறிகளைக் கவனிக்க வேண்டும். நூல் அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி போச்சு! பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசவும் அந்த இரைச்சல் விடாது. ஆனால், "நீங்க சாப்பிட்டு வாங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்ல ஒருவர் இருக்கும் கூடத்தில் வேலை செய்கிறவருக்கும், அப்படி ஆளில்லாத கூடத்தில் வேலை செய்கிறவருக்கும் சுமை ஒன்றுதான். குன்மமும் படபடப்பும் என்னவோ இரண்டாமவரைத்தான் அதிகம் பிடிக்கின்றன.

இது என் அனுபவம் மட்டுமல்ல. 1988-ல் ஜான்சன், ஹால் என்ற இரு ஆய்வாளர்கள் சுவீடனில் 13,000-க்கும் அதிகமான தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். வேலைப்பளு அதிகம், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைவு, உடன் வேலை செய்பவர்களின் துணையும் இல்லை - இந்த மூன்றும் சேர்ந்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்கள் கூடுதலாக இருந்தன.

பேங்க், பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் கம்பெனி எல்லாம் இதே கதைதான். தறிச் சத்தம் கிடையாது, அவ்வளவே! அங்கே துணை என்பது "கவலைப்படாதே" என்று முதுகில் தட்டுவது அல்ல. "இந்த இரண்டில் எது நாளைக்குப் போதும்?" என்று அதிகாரியே சொல்லி விடுவதுதான் துணை.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சொல்லியே நேரங்கெட்ட நேரம் வரை வேலை வாங்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் அறிவித்தன. எத்தனை அன்பான சகாக்கள் இருந்தாலும் உடம்பு மணிக்கணக்கைத்தான் பார்க்கும். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்த மசோதாவைத் தமிழக அரசு 2023 மே தினத்தன்று திரும்பப் பெற்றது நல்ல காரியம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் வந்த சட்டத் திருத்தமும் அப்படியே. உங்கள் ஊர் ஜவுளிக்கடையில் அந்தப் பெண்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்களா? அடுத்த முறை கவனியுங்களேன்.

வீட்டுக்கு வருவோம். அவர் களைத்து வந்தால் சுக்குக் காபி, மிளகுப் பால் எல்லாம் தயார். அந்த அம்மாவும் வேலைக்குப் போய் வந்தவராயிற்றே! அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பது யார்? என்னிடம் வரும் பெண்களிடம் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிலர் அழுதும் விடுகிறார்கள்.

அமுக்கரா சூரணம் தருகிறேன், தூக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் நெஞ்சு வலித்து இடது கை கனத்தால் சூரணம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.