மழைநீரும் மாநகரும்

கொல்லிமலையில் ஐப்பசித் திங்களில் அடைமழை பொழிவதுண்டு. வானம் சொரியும் நீரை மரங்கள் முதலில் தம் இலைகளில் ஏந்துகின்றன. பின்னர்ச் சருகுகள் தாங்குகின்றன. சருகின் கீழுள்ள மண் அதனை மெல்ல மெல்லப் பருகுகின்றது. பருகிய நீர் சுனையாய் ஊறி, ஓடையாய்க் கூடி, அய்யாறு என்னும் ஆறாகின்றது. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அண்மையில் அஃது ஆகாயகங்கை அருவியாய் ஏறத்தாழ 300 அடி வீழ்ந்து, மலையடியில் உள்ள புளியஞ்சோலையை அடைகின்றது. மழை ஓய்ந்து பல நாள் கழிந்த பின்னும் அவ்வாற்றில் தெளிந்த நீர் ஓடக் காணலாம்.

கொல்லிமலைக்கு வடக்கே சேர்வராயன் மலை உள்ளது. அங்குத் தோன்றும் திருமணிமுத்தாறும் பிறக்கும்போது தூயதே. ஆயினும், சேலம் மாநகரின் ஊடே வருகையில் வீட்டுக் கழிவும், சாயக் கழிவும், கடைத்தெருக் குப்பையும் அதனைச் சேர்கின்றன. அவ்வாறு மாசுற்ற நீரே பல சிற்றூர்களைக் கடந்து, பரமத்தி வேலூருக்கு அண்மையிலுள்ள நன்செய் இடையாற்றில் காவிரியோடு கலக்கின்றது. இரு மலைகளிலும் பெய்த மழை ஒன்றே. அது நடந்து வந்த வழியே வேறு.

நகரத்தில் கூரையும் தார்ச்சாலையும் நீரைப் பருகுவதில்லை. முதல் மழை, தெருவிலுள்ள எண்ணெய்ப் பசையையும் சாணத்தையும் நெகிழிப் பைகளையும் வழித்துக்கொண்டு ஓடுகின்றது. வடிகால் அடைபட்டால் தெரு ஆறாகின்றது. அடைபடாவிடின் ஆறு சாக்கடையாகின்றது.

மழைநீரை விரைந்து வெளியேற்றிவிட்டால் நகரின் கடமை முடிந்தது என்பர் சிலர். அஃது என் கருத்தன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அதே சென்னை 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு குடிநீருக்கு அலைந்தது. வந்த செல்வத்தை வாயிலிலேயே விரட்டியவன் பின்னர் வறுமையுறுதல் இயல்பன்றோ?

ஆகவே, மலை செய்வதை நகரும் செய்தல் வேண்டும். கழிவுநீருக்கு ஒரு வழியும், மழைநீருக்கு வேறொரு வழியும் அமைத்தல் முதற்கடமை. நம் முன்னோர் நிலத்தடியே செல்லும் நீர்வழியைச் சுருங்கை என்றனர். ஏரி நீரை அளவாய் விட மதகும், மிகுநீர் வழிந்தோடக் கலிங்கும் அமைத்தனர். ஏரி குளங்களைத் தூர்க்காமல் காத்தல் இரண்டாம் கடமை. வீடுதோறும் மண்ணுக்கு நீரூட்டுதல் மூன்றாம் கடமை. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பெற்றது. சட்டத்திற்கு அஞ்சிக் குழாய் பதித்தல் மட்டும் போதாது. ஆண்டுதோறும் மழைக்கு முன்னர் அதனைத் தூய்மை செய்தலும் வேண்டும்.

இப்பணிகளை அரசும் மாநகராட்சியுமே செய்து முடித்தல் இயலாது. இன்று கொல்லிமலைக்கு வருவோரும் அருவிக்கரையில் நெகிழிப் பைகளை எறிந்து செல்கின்றனர். மலையே ஆயினும், மாந்தர் பொறுப்பிழந்தால் அதன் நீரும் மாசுறும்.

மாணவர்களே! தெருவோரத்து வடிகாலில் ஒரு பொருளை எறியக் கை ஓங்குங்கால், அவ்வடிகாலின் மறுமுனையில் ஒருவர் குடத்தோடு நிற்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணமே ஆற்றைக் காக்கும் முதற்கரையாகும்.