வால்நட் வேண்டாம்... வாதுமை வைங்க!

ஆன்லைனில் கறுப்பு வால்நட் கன்றைப் பார்த்துவிட்டு, வில்லியனூர் வீட்டுக் கொல்லையில் வைக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அது வட அமெரிக்க மரம். குளிர்காலத்தில் நல்ல குளிர் கிடைத்தால்தான் ஒழுங்காகத் துளிர்த்துக் காய்க்கும். நம் ஊர் வெயிலில் பணமும் வருடங்களும்தான் வீண். தவிர, அதன் வேரிலும் இலையிலும் உள்ள ‘ஜூக்லோன்’ என்ற பொருள், பக்கத்திலிருக்கும் தக்காளி, கத்திரிச் செடிகளை வாட்டிவிடும்.

நமக்கு ஏற்றது நாட்டு வாதுமை. உப்புக்காற்றைத் தாங்கும். அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிழல் தரும். கொட்டையைக் கல்லால் உடைத்தால் உள்ளே சின்னப் பருப்பு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்! சிவந்து உதிரும் இலைகளை எரிக்காமல் குப்பைக்குழியில் போட்டால் எருவாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கன்று சின்னதாக இருக்கிறதே என்று சுவரை ஒட்டி நட்டுவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் சாய்த்த மரங்களை பாகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் 25 அடியாவது தள்ளி, 2 அடி ஆழக் குழியில் மட்கிய எரு கலந்து நடுங்கள். மனை சிறியதா? எலுமிச்சையே போதும்!