தூங்கற பெட்டிக்கு ஒரு ஜன்னல் வெச்சா குடி முழுகிப் போயிருமா?

இந்த வாரம் மழையைப் பத்தியும் எழுதப் போறதில்லை, முருங்கைக்காய் விலையைப் பத்தியும் எழுதப் போறதில்லை. ஒரு ஜன்னலைப் பத்தித்தான் எழுதப் போறேன். "இவனுக்கு வேற வேலை இல்லையா"ன்னு நெனைக்கறவங்க, முழுசாப் படிச்சுட்டு நெனைச்சுக்கங்க.

எங்க கரூர்ப் பக்கம் இப்ப காட்டுக்குக் காடு ஒரு தகரப் பெட்டி நிக்குது. பழைய டிராக்டர் டிரெய்லரோட அடிச்சட்டத்து மேல சதுர பைப்புல கூடு கட்டி, சுத்தித் தகரம் அடிச்சு, மேலயும் தகரமே போட்டு, பின்னால ஒரு கதவு வெச்சா முடிஞ்சுது. நீளம் 10 அடி, அகலம் 6 அடி. உள்ள ரெண்டு பேர் படுக்கலாம். குத்தகைக் காட்டுல சாளை கட்டறதுக்கு நிலத்துக்காரர் ஒத்துக்க மாட்டார். சக்கரம் வெச்ச ரூம்புன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கடலை புடுங்கற வரைக்கும் இந்தக் காடு, சோளம் கதிர் புடிக்கறப்ப அந்தக் காடுன்னு டிராக்டர்ல மாட்டி இழுத்துக்கலாம். மோட்டார் ஒயர் அறுக்கறவன், ராத்திரி எறங்கற காட்டுப்பன்னி, நடுச்சாமத்துல வர்ற த்ரீ பேஸ் கரண்டு, இத்தனைக்கும் காட்டுல ஒரு ஆள் படுத்தே ஆகணும். அதனால பெட்டி வேணும். பெட்டியை நான் குத்தம் சொல்லலை. அதுல ஒரு ஜன்னல்கூட இல்லைங்கறதுதான் என் வழக்கு.

வெயில்னா என்னன்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லைங்க. சித்திரை, வைகாசியில டிவியில வெயில் கணக்கு வாசிக்கறப்ப "கரூர் பரமத்தி"ன்னு எங்க பேருதான் முன்னால வரும். அந்த வெயில்ல நாள் பூரா நின்ன தகரத்துக்குள்ள மனுசனைப் படுக்கப் போட்டு, கதவையும் சாத்திக்கச் சொல்றோம். கேட்டா, "பொழுது எறங்குனா தகரம் ஆறிருமுங்க"ங்கறாங்க. தகரம் ஆறும், சரி. உள்ள அடைஞ்ச காத்து எந்த வழியாப் போகும்? மெத்தைக்குள்ள, பலகைக்குள்ள ஏறுன சூடு எங்க போகும்?

மார்கழியில வேற கூத்து. விடியக்காலம் மேல்தகரத்துல இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி விழும். ஓட்டைன்னு நெனைச்சு மேல ஏறித் தார் பூசறாங்க. ரெண்டு தடவை பூசுனாலும் சொட்டு நிக்காது. அது மழைத் தண்ணி இல்லைங்க, உள்ள படுத்தவங்க விட்ட மூச்சு. வெளிய போக வழியில்லாம ஏறி, குளுந்த தகரத்துல பட்டு, தண்ணியா எறங்குது. அதுல நனைஞ்ச போர்வையில பூஞ்சை புடிக்கும். அந்தப் போர்வையைத்தான் அடுத்த நாளும் போத்திக்கறாங்க.

நம்ம அப்பாரு காலத்துல காட்டுக் காவலுக்குப் பரண் கட்டுனாங்க. நாலு கால், மேல கூரை, சுத்தியும் காத்து. ஊருவிட்டு ஊரு போன கூண்டு வண்டிக்கு மூங்கில் பாய்தான் கூரை, முன்னாலயும் பின்னாலயும் தொறந்தே இருக்கும். பள்ளிக்கூடம் போகாத ஆளுக கட்டுனதுங்க அது. காத்து ஒரு பக்கம் நுழைஞ்சா இன்னொரு பக்கம் வெளிய போகணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. பத்தாவது, பன்னெண்டாவது படிச்ச நாம கட்டற பெட்டியில அந்த நெனைப்பே இல்லை.

சரி, ஜன்னல் இல்லைன்னா மனுசன் என்ன பண்ணுவான்? வெளிய வந்து படுப்பான். இங்கதான் உசுரு விசயம் வருது. எங்க பக்கத்துக் காட்டுல குத்தகைக்காரர் ஒருத்தர்கிட்ட வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இப்படிப் பெட்டியிலதான் இருக்குது. புருசன், பொண்டாட்டி, ரெண்டு வயசுக் கொழந்தை. போன கோடையில ராத்திரியாச்சுன்னா அந்தப் புள்ளை கொழந்தையைத் தூக்கிட்டு வெளிய வந்து, வரப்போரம் தார்ப்பாயை விரிச்சுப் படுத்துக்கும். "ஏன் கண்ணு, பூச்சி பொட்டு வராதா"ன்னு கேட்டேன். "உள்ள படுத்தாக் கொழந்தை விடிய விடிய அழுவுதுங்க அண்ணா"ன்னு சொல்லுச்சு. பூச்சின்னு நான் சொன்னது கட்டுவிரியனை. அது ராத்திரியில நடமாடற பாம்பு. தரையில தூங்கறவங்களைத்தான் அதிகமாக் கடிக்கும். கடிச்ச எடத்துல வலியோ வீக்கமோ பெருசா இருக்காது, பல பேருக்குக் கடிபட்டதே தெரியாது. தெரியற நேரத்துக்குக் கண்ணு சொருகி மூச்சு அடைக்கும். ஒரு ஜன்னல் இருந்தா உள்ளயே தூங்கியிருக்கும் அந்தக் கொழந்தை. ஆக, ஜன்னல் வெக்காதவங்க அந்தக் கொழந்தையைப் பாம்பு ஊர்ற தடத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சிருக்காங்க. கோவம் வந்தா வரட்டும், நான் அப்படித்தான் சொல்லுவேன்.

இதை அந்தக் குத்தகைக்காரர்கிட்டயும் பேசுனேன், பெட்டி கட்டற ரெண்டு மூணு பட்டறையிலயும் பேசுனேன். அவங்க சொன்ன சாக்கையும் என் பதிலையும் ஒண்ணொண்ணா எழுதறேன்.

"ஜன்னல் வெச்சாத் திருடன் வருவான்." ஏனுங்க, காவலுக்குத்தானே ஆளைப் படுக்க வெக்கறீங்க? நாலு பக்கமும் தகரத்தை அடைச்சுட்டா, கிணத்து மேட்டுல ஒயரை அறுத்தாக் கேக்குமா? பன்னி வந்தாத் தெரியுமா? கண்ணையும் காதையும் கட்டிட்டுக் காவலுக்குப் போகச் சொல்ற மாதிரி இருக்குது. பயமா இருந்தா ஜன்னலுக்கு உள்பக்கம் 12 எம்.எம். கம்பி நாலு வெச்சு வெல்டு பண்ணுங்க.

"மழை உள்ள அடிக்கும்." மழையில ஓடாத பஸ்ஸு எங்காவது இருக்குதா? அதுக்கு ஜன்னல் இல்லையா? மேல ரெண்டு அங்குலம் வெளிய நீட்டி ஒரு தகரப் பட்டி அடிச்சா, வர்ற தண்ணி வெளியவே விழும். ஓடு வேயற கணக்குத்தான். மேல இருக்கறது கீழ இருக்கறது மேல ஏறி நிக்கணும். இந்தக் கணக்கு மாறுனா எத்தனை டப்பா சிலிக்கான் பூசுனாலும் ஒழுகும்.

"தகரத்தை வெட்டுனா பாடி பலம் போயிரும்." நிக்கற பைப்பை அறுத்தாத்தான் பலம் போகும். ரெண்டு பைப்புக்கு நடுவுல வெட்டி, வெட்டுன ஓட்டையைச் சுத்தி அதே சதுர பைப்புல சட்டம் வெச்சா முன்னைக்கு இன்னும் கெட்டியாத்தான் நிக்கும். வெட்டுன ஓரத்துல ரெட் ஆக்சைடு பூசணும், இல்லைன்னா ரெண்டே மழையில துரு ஏறிரும்.

"உள்ள ஃபேன் போட்டுத்தானே குடுத்திருக்கோம்." இதுதான் பெரிய ஏமாத்து. அடைச்ச பெட்டிக்குள்ள ஃபேன் சுத்துனா, கொதிக்கற கொழம்பைக் கரண்டியில கலக்கற மாதிரி. அதே சூட்டுக்காத்துதான் சுத்திச் சுத்தி மூஞ்சியில அடிக்கும். சூட்டுக்காத்து மேல ஏறும். மேல இருந்து அதை வெளிய தள்ளணும். அது போற எடத்துக்குக் கீழ இருந்து புதுக்காத்து வரணும். இது ரெண்டும் நடந்தாத்தான் உள்ள இருக்கறவனுக்கு மூச்சு.

"செலவு ஆகுமுங்க." இதுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. நாம எந்த ஊருக்காரங்க? பஸ்ஸுக்குப் பாடி கட்டறதுல பேரு வாங்குன ஊரு கரூர். பக்கத்து மாநிலத்து வண்டிகூட இங்க வந்துதான் பாடி கட்டிட்டுப் போகுது. பழைய பஸ்ஸை ஒடைச்ச ஜன்னலு, கண்ணாடி, ரப்பர் பட்டியோட பழைய இரும்புக் கடையில கெடக்குது. கொசுவலை நெய்யற ஊரும் கரூர்தான். வெளிநாட்டு வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தெச்சு அனுப்பற ஊரும் கரூர்தான். ஜன்னல், வலை, திரை மூணும் நம்ம ஊர்லயே கெடைக்குது. ஊருக்கெல்லாம் ஜன்னல் வெச்சு அனுப்பிட்டு, நம்ம காட்டுல வேலை செய்யறவனை மட்டும் டப்பாவுல அடைக்கறோம்.

கோழிப் பண்ணையைப் பாருங்க. நாமக்கல்லு, பல்லடம் பக்கம் கொட்டாயைக் கெழக்கு மேக்காத்தான் நீட்டிக் கட்டுவாங்க, வெயில் உள்ள அடிக்கக் கூடாதுன்னு. ரெண்டு பக்கமும் கம்பி வலை, காத்து தாராளமாப் போகும். வெயில் காலத்துல மேல தண்ணி தெளிப்பாங்க. அடைச்ச பண்ணைன்னா ஒரு பக்கம் ஈரப்பலகை, மறு பக்கம் காத்தை இழுக்கற பெரிய ஃபேன். கோழி செத்தாக் கணக்குல நட்டம் எழுதணும். ஆளுக்குத் தூக்கம் கெட்டா எந்தக் கணக்குலயும் அது வராது. அதுதான் வித்தியாசம், வேற ஒண்ணுமில்லை.

சும்மா திட்டிட்டுப் போறவன் இல்லைங்க நான். எப்படிச் செய்யணும்னும் சொல்லிடறேன்.

ஜன்னல் ரெண்டு வேணும், எதிரும் புதிருமா. ஒண்ணே ஒண்ணு வெச்சாக் காத்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பிரும். பெட்டியைக் கெழக்கு மேக்கா நிறுத்துங்க, ஜன்னல் ரெண்டும் வடக்கயும் தெக்கயும் பாக்கட்டும். படுக்கற மட்டத்துக்கு ஒரு சாண் மேல இருந்தாப் போதும், ஒடம்பு மேல காத்து படும். கொசுவலையைத் தனிச் சட்டத்துல மாட்டுங்க, கழட்டிக் கழுவலாம்.

கூரைக்கு ஒரு ஃபேன். அமெரிக்காவுல ஊர் சுத்தற வீட்டு வண்டிக்குக் கூரையில 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் சதுரமா வெட்டி, மூடியோட ஃபேன் வெப்பாங்க. நமக்கும் அந்தக் கணக்கு சரியா வரும். பழைய பஸ்ஸோட கூரை மூடி கெடைச்சா அதையே வெச்சுக்கலாம். ஃபேன் காத்தை மேல தள்ளற மாதிரி இருக்கணும். ஃபேனுக்குத் தூரமா இருக்கற ஜன்னலைத் தொறந்து வெச்சா, காத்து பெட்டி முழுக்க நடந்து போகும்.

12 வோல்ட்ல 20 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடுனா 200 வாட்-அவர் ஆகும். பேட்டரியில இருந்து 17 ஆம்பியர்-அவர் போகும். 40 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா பாதிகூடக் காலியாகாது. 100 வாட் சோலார் பலகை ஒண்ணு நல்ல வெயில்ல அதைத் திரும்ப ரொப்பிரும். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமா? பலகையைக் கூரைக்கு நாலு அங்குலம் மேல தூக்கி மாட்டுனா கூரைக்கு நெழலும் ஆச்சு. பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் கட்டாயம். மீதிக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. நிறுத்துன எடத்துல மேல நாலு தென்னங்கீத்தைப் போடுங்க. ஏசி வெக்கறேன்னு ஒருத்தர் சொன்னாரு. பம்புசெட்டுக்குன்னு குடுத்த கரண்டுல ஏசி ஓட்டுனா வாரியத்துக்காரங்க சும்மா விடுவாங்களா?

ரெண்டு எச்சரிக்கை. ஜன்னல் வெச்சாச்சுன்னு உள்ள கரி மூட்டிக் குளிர் காயாதீங்க, ஜெனரேட்டரை ஜன்னல் ஓரம் வெக்காதீங்க. அந்தப் புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கெடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுரும். அப்பறம், டிரெய்லர் ரோட்டுல போறப்ப உள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது. ஆர்.சி.யில இருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தறதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு தடுக்குது. அதனால ரோட்டுல இழுக்கற வண்டின்னா பெட்டி கட்டறதுக்கு முன்னாலயே ஆர்.டி.ஓ. ஆபீசுல கேட்டுக்கங்க.

பட்டறைக்காரங்களே, "கேட்டாத்தான் ஜன்னல் வெப்போம்"னு சொல்லாதீங்க. பெட்டிக்குள்ள படுக்கப் போறவன் உங்க பட்டறைக்கு வர்றதே இல்லை, அவன் எப்படிக் கேப்பான்? காசு குடுக்கறவர் உள்ள படுக்கறதில்லை. அதனால பில்லு போடறப்பவே ரெண்டு ஜன்னலையும் கூரை ஃபேனையும் சேத்துப் போடுங்க, வேண்டாங்கறவர் வாயைத் தொறந்து வேண்டாம்னு சொல்லட்டும். அப்படிச் சொல்றவரை, சித்திரையில ஒரே ஒரு ராத்திரி உள்ள படுக்க வெச்சுக் கதவைச் சாத்துங்க. விடியறதுக்குள்ள அவரே கட்டிங் மிசினைக் கேட்டு வாங்குவார்.