கோல்ஃப் மட்டைக்குப் புது கிரிப்... வீட்டிலேயே போடலாமே!

கோல்ஃப் என்றாலே அது பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம்தான் பலருக்கும் வரும். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் 1991-ல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டெல்லியில் மற்றவர்களின் மட்டைப் பையைத் தூக்கிய கேடியாக இருந்தவர். (தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு, பாவம்!) 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் கேடியாக இருந்து வந்தவர்தான். இப்படி வரும் பையன்களின் கைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஆடிக் கழித்த பழைய மட்டையே.

அந்த மட்டையின் இரும்புத் தலைக்கு இருபது வருடம் ஆனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. தண்டு வளையாமல், துரு ஏறாமல் இருந்தால் அதுவும் உழைக்கும். முதலில் உயிர் விடுவது கைப்பிடி ரப்பர், அதாவது கிரிப். வியர்வை, கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, வெயில், கார் டிக்கியின் சூடு எல்லாம் சேர்ந்து அதைக் கெட்டியாக்கி வழவழப்பாக்கி விடும். கிரிப் வழுக்கினால் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் முன்கை விறைக்கும், மணிக்கட்டு சரியாக மடங்காது, மட்டையின் முகம் நேராகத் திரும்பி வராது. பந்து எங்கோ போகும். பையன் தன் ஆட்டத்தில்தான் கோளாறு என்று நினைத்துக் கொண்டு தினமும் நூறு பந்து அடித்துப் பார்ப்பான். காசுள்ளவர் புது டிரைவர் வாங்கக் கிளம்பி விடுவார். இரண்டு பேருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

செலவே இல்லாத வேலை ஒன்று முதலில் இருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை முக்கி கிரிப்பைத் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காய வைக்க வேண்டும். பிறகும் வழுக்கினால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். வெடிப்பு விழுந்திருந்தாலோ கட்டைவிரல் படும் இடம் குழிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

கடையில் கொடுத்தால் கிரிப் விலையோடு, ஒவ்வொரு மட்டைக்கும் கூலி தனி. அந்தக் கூலியை மிச்சப்படுத்தலாம் என்பதுதான் விஷயம். கிரிக்கெட் மட்டைக்குக் கோன் வைத்து ரப்பர் ஏற்றத் தெரிந்தவருக்கு இது ஒரு பெரிய வித்தையே அல்ல. வேண்டியவை இரண்டு அங்குல அகல டபுள் சைடு டேப், கொக்கி போல வளைந்த கத்தி, பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன், கொஞ்சம் துணி. வைஸ் இருந்தால் நல்லது. அதில் பிடிக்கும்போது தண்டைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டு வைக்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் தண்டு நசுங்கி விடும். வைஸ் இல்லாவிட்டால் இன்னொருவர் பிடித்துக் கொண்டாலும் போதும்.

பழைய ரப்பரை நீளவாக்கில் கிழித்து உரிக்க வேண்டும். கத்தி உடம்புக்கு எதிர்ப்பக்கம் போகட்டும். தண்டு கிராஃபைட்டாக இருந்தால் சாதாரண பிளேடு வேண்டவே வேண்டாம். அது தண்டின் இழைகளைக் கீறினால் ஒருநாள் ஆடும்போதே முறியும். பழைய டேப்பைச் சுரண்டி எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம், முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டினால் கொஞ்சம் இளகும். புது டேப்பை நீளவாக்கில் ஒட்டி, மேல்முனையில் அரை அங்குலம் மிச்சம் விட்டு, அதைத் திருகி தண்டின் துளைக்குள் செருகி விட வேண்டும். இல்லாவிட்டால் டர்பன்டைன் உள்ளே இறங்கும். பிறகு டேப்பின் மேல்தாளை உரித்து, கிரிப்பின் அடியில் உள்ள சிறு ஓட்டையை விரலால் அடைத்து, உள்ளே டர்பன்டைனை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் முழுக்க ஊற்றி, தயங்காமல் ஒரே தள்ளில் ஏற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக் கொள்ளும்! ஏறியதும் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த ஒரு நிமிடம் போல அவகாசம் உண்டு. அதன்பின் ஒரு ராத்திரி காயட்டும்.

டர்பன்டைனுக்குப் பதில் பெட்ரோல் ஊற்றுகிறவர்களும் உண்டு. சீக்கிரம் காயும், உண்மைதான். மூடிய அறையில் அதன் ஆவி ஒரு சின்னப் பொறிக்காகக் காத்திருக்கும் என்பதும் உண்மை. இருபது ரூபாய் மிச்சத்திற்கு அந்த ஆபத்து எதற்கு? டர்பன்டைனும் தீப்பிடிக்கும் பொருள்தான். மாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்வதே நல்லது. நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காய வைக்க வேண்டும்.

மிச்சப்படுத்தக் கூடாத இடம் கிரிப்தான். பெரிய கம்பெனிகளின் பெயரில் போலிகள் சந்தையில் நிறையவே உண்டு. அதைவிடப் பெயர் தெரியாத நேர்மையான சாதா ரப்பர் மேல். வாங்கும்போது உள்விட்டம் பார்க்க வேண்டும். 0.580, 0.600 என்று அங்குலக் கணக்கில் வரும். தண்டைவிடச் சிறியதாக வாங்கி இழுத்து ஏற்றினால் பிடி தடித்து விடும். வட்ட வடிவ கிரிப் புதியவருக்கு எளிது. உட்பக்கம் மேடு வைத்த வகையைக் கோணலாக ஏற்றினால் ஒவ்வொரு அடியிலும் கை தப்பாகவே உட்காரும்.

பையில் விதிப்படி 14 மட்டை வரை இருக்கலாம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? அதிகம் அடிபடும் 7-ஆம் எண் இரும்பு, வெட்ஜ், டிரைவர் என்று மூன்றோடு தொடங்கினால் போதும். பட்டரின் கிரிப் மெதுவாகத்தான் தேயும், அதைக் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம்.

"கடைக்காரர் செய்கிற நேர்த்தி வருமா?" என்று கேட்பார்கள். முதல் மட்டையில் வராது. நான்காவதில் வந்து விடும். பழகியவருக்கு ஒரு மட்டைக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. அப்படியிருக்க, கோல்ஃப் கிளப்புகள் கேடிகள் காத்திருக்கும் கொட்டகையில் ஒரு வைஸும் ஒரு டின் டர்பன்டைனும் வாங்கி வைத்தால் என்ன குறைந்து விடும்? பையன்கள் தங்கள் மட்டைகளைத் தாங்களே சரி செய்து கொள்வார்கள். உறுப்பினர்களின் மட்டைகளுக்கும் அவர்களே கிரிப் போட்டுக் கொடுத்தால், வெளிக் கடைக்குப் போகும் கூலி அந்தக் கொட்டகைக்கே வரும்.